ஓட்டையில்லாத டோனட்டுக்கு மூன்று சான்று

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. தப்பித்தவறி எடுத்தாலும் "எழுதி அனுப்பு, தேதி போட்டு" என்கிறாய். இதோ எழுதுகிறேன், தேதியும் போட்டிருக்கிறேன்.

முதலில் வீட்டு விஷயம். உன் அத்தான் கிடங்கில் ஏணி வழுக்கிக் கீழே விழுந்துவிட்டார். வால் எலும்பில் விரிசல். மூன்று மாதத்துக்குச் சுமை தூக்கக் கூடாது, வெறும் நாற்காலியில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்துக் கடையில் நடுவில் ஓட்டை வைத்த ஒரு ரப்பர் மெத்தை கொடுத்தார்கள். அதற்குப் பெயரும் டோனட்தானாம். "நீ விக்கிறது மேலயே நான் உக்காந்துட்டேன் பாரு" என்று சிரிக்கிறார். சிரித்தால் வலிக்கிறது, பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறார். வேலைக்குப் போகாத நாளுக்கு அங்கே சம்பளம் கிடையாது. ஆகவே வீடு இப்போது என் கடையை நம்பித்தான் ஓடுகிறது.

அந்தக் கடைக்குத்தான் ஆபத்து வந்திருக்கிறது. ரயில் நிலையத்தில் எனக்குக் கடை ஒதுக்கிய தாளில் "டோனட் மட்டும்" என்று இருக்கிறது. என் கடைக்கு நான்கு கடை தள்ளி இருக்கும் பன்காரருக்கு "பன், ரொட்டி வகைகள்". நான் வளையம் மாதிரி ஒன்றும், உள்ளே ஜாம் வைத்து உருண்டையாக ஒன்றும் போடுவேன், உனக்குத் தெரியும். உருண்டைக்கு ஓட்டை இல்லை, அதனால் அது டோனட்டே இல்லை, ஜாம் பன் என்று பன்காரர் கமிட்டியிடம் புகார் கொடுத்துவிட்டார். டோனட் என்று நிரூபிக்காவிட்டால் மார்ச் கடைசியில் கடையை மூடிவிடுவார்களாம். கமிட்டி குமாஸ்தா நல்ல மாதிரி. "அகராதியில இருந்தா கொண்டாந்து காட்டுங்கம்மா, முடிஞ்சிரும்" என்றார். "அந்த அகராதிய எழுதுறதே என் தம்பிதான்" என்று நாக்கு நுனி வரை வந்தது. உன்னைக் கேட்காமல் சொல்லக் கூடாதென்று விழுங்கிக்கொண்டேன்.

உங்கள் அகராதி அச்சாக இன்னும் எத்தனை வருஷமோ. அதுவரை அலுவலகத் தாளில் இரண்டே வரி எழுதிக் கொடு. "ஓட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் டோனட் டோனட்தான்." இவ்வளவு போதும். உனக்கு இது ஐந்து நிமிஷ வேலை.

மாமா எப்போது வருவார் என்று சின்னவள் கேட்டாள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தான் உட்காரும் மெத்தை பற்றி எழுதியதற்கு மிக்க நன்றி. அந்தப் பொருளில் எங்களிடம் ஒரு மருத்துவமனைப் பட்டியல் மட்டுமே இருந்தது. வீட்டில் ஒருவர் பேசியதாக, தேதியோடு, எழுத்தில் கிடைப்பது இதுவே முதல் தடவை. சொல்லுக்குச் சான்றாக அதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

டோனட் என்ற சொல் என் மேசைக்கு வந்து நான்கு மாதமாகிறது. இன்று வரை ஐம்பத்தேழு சீட்டுகள். எண்ணெயில் பொரித்த, நடுவில் துளையுள்ள இனிப்புப் பண்டம் என்பது முதற்பொருள். பிறகு அத்தானின் மெத்தை. காரின் பின்பெட்டியில் கிடக்கும் சின்ன மாற்றுச் சக்கரத்தை மெக்கானிக்குகள் டோனட் என்கிறார்கள். காலி மைதானத்தில் காரை ஒரே இடத்தில் வட்டமடிக்க விட்டு டயர் கருக்குவதற்கு "டோனட் போடுவது" என்று பெயர்; ஒரு காவல் நிலைய அறிக்கையிலேயே இருக்கிறது. பெண்கள் கொண்டைக்குள் வைக்கும் வளையம், ஆளை உள்ளே தள்ளிப் படமெடுக்கும் ஸ்கேன் எந்திரம், நீச்சல் குளத்து மிதவை, எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர் பரவியிருக்கிறது.

முதற்பொருளைத் தவிர இவற்றில் ஒன்றுகூடத் தின்னும் பொருள் அல்ல என்பதைக் கவனி. சொல் மாவை விட்டுவிட்டுத் துளையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஆகவே துளை இந்தச் சொல்லின் உயிர்நிலை என்பது என் கருத்து. துளை இல்லாததையும் மக்கள் டோனட் என்று எழுதுகிறார்களா என்றால், எழுதலாம். என்னிடம் அப்படி ஒரு சீட்டும் இல்லை.

எங்கள் விதி எளிது. ஒரு பொருளை ஏற்க, தொடர்பில்லாத மூன்று பேர், மூன்று வெவ்வேறு நாளில், எழுத்தில் பயன்படுத்தியிருக்க வேண்டும். பேச்சு செல்லாது. பொருளால் லாபம் அடைகிறவர் எழுதியதும் செல்லாது. நீ லாபம் அடைகிறவள். வருந்துகிறேன்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். மனுஷன் ஏணியிலிருந்து விழுந்ததற்கு "மிக்க நன்றி" என்று எழுதிய முதல் ஆள் நீதான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அடுத்த தடவ எங்க விழணும்னு கேட்டு எழுது, அதுக்கும் சீட்டு வேணுமா இருக்கும்" என்றார். வலி எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை என்பதை நான்தான் கவனித்தேன். வலி குறையவில்லை.

துளைதான் உயிர் என்று எழுதியிருக்கிறாய். எழுதும்போது நீ டோனட் எதையாவது தின்றுகொண்டிருந்தாயா? நான் சொல்கிறேன் கேள். வளையத்தைச் சுடச்சுடத் தின்ன வேண்டும். காலையில் போட்டால் பத்து மணிக்கு மேல் தோல் மாதிரி இழுக்கும். சாயங்காலம் வேலை முடிந்து ரயிலுக்கு ஓடுகிற கூட்டம் வாங்குவதெல்லாம் உருண்டைதான். உள்ளே ஜாம் இருப்பதால் ராத்திரி வரை பஞ்சு மாதிரி இருக்கும். ஒரே மாவு, ஒரே எண்ணெய், ஒரே சட்டி. ஒன்றில் வெட்டி எடுக்கிறேன், இன்னொன்றில் ஜாம் குழாயைக் குத்துகிறேன். பன்காரர் எண்ணெய்ச் சட்டியையே பார்த்ததில்லை, அவருடையது அடுப்புக்குள் வேகிறது. அவர் என் உருண்டையைப் பன் என்கிறார், நீயும் அவர் பக்கம் நின்று தலையாட்டுகிறாய்.

நேற்றுச் சாயங்காலம் எண்ணினேன். முப்பத்தொரு பேர் வந்து "ஓட்டையில்லாத டோனட் குடுங்க" என்று கேட்டார்கள். நான்கு பேர் "ஜாம் டோனட்". இரண்டு பேர் விரலை நீட்டி "அது" என்றார்கள். ஒருத்தர்கூட பன் என்று சொல்லவில்லை. இது போதாதா? பேச்சு செல்லாது என்கிறாய். பேசாமல் எந்தச் சொல் பிறந்தது, நீயே சொல்.

எழுத்தில்தானே வேண்டும். சரி. வழி பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

முப்பத்தொரு பேர் கேட்டதை நம்புகிறேன். நம்புவதும் சான்றும் வேறு. பேச்சைச் சேர்க்க ஆரம்பித்தால் அகராதிக்கு எல்லை இருக்காது என்று முதன்மையாசிரியர் இருபது வருஷத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டார். அந்த முடிவின் மேல் எனக்கும் விமர்சனம் உண்டு. அதற்காக என் அக்கா கடைக்கு மட்டும் விதியைத் தளர்த்த முடியாது.

அத்தானின் வலி குறைந்ததா?

சின்னவளிடம் கேட்டு எழுது: அவளும் தோழிகளும் கொண்டை வளையத்தை டோனட் என்கிறார்களா, டோனட் கொண்டை என்கிறார்களா?

அன்புடன்,
தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

சின்னவள் சொல்கிறாள்: வளையம் டோனட், அதை வைத்து முடிவது டோனட் கொண்டை. "மாமா நேர்ல வந்து கேட்டா கொண்டையே போட்டுக் காட்டுவேன்" என்றாள். இதையும் சீட்டில் எழுதிக்கொள்.

நான் கடையில் ஒரு கருத்துப் புத்தகம் வைத்தேன். நாற்பது பக்க நோட்டு, பேனாவை நூலில் கட்டி. வாடிக்கையாளர்கள் எழுதுகிறார்கள். அதிலிருந்து மூன்று பக்கங்களைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று பேர், மூன்று தேதி, எழுத்தில். "இங்குள்ள துளையற்ற டோனட் சுவை மிகுந்தது" என்று ஒருவர். "ஓட்டை இல்லாத டோனட்டைத் தினமும் வாங்குகிறேன்" என்று ஒருவர். மூன்றாமவர் நான்கு வரி எழுதியிருக்கிறார், நீயே படி. யாரும் எனக்கு உறவில்லை, லாபமும் இல்லை. நீ கேட்ட மாதிரியே இருக்கிறது. இனி உன் வேலை.

நாள் நெருங்குகிறது. அத்தான் இப்போது பத்து நிமிஷம் நிற்கிறார்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று பக்கங்களையும் திருப்பி அனுப்புகிறேன்.

முதல் பக்கமும் இரண்டாம் பக்கமும் நீ எழுதியவை. முதலாவதை இடப்பக்கம் சாய்த்து எழுதியிருக்கிறாய், இரண்டாவதை நிமிர்த்தி. ஆனால் "ற"வின் காலை மேல்நோக்கிச் சுழிக்கிற ஒரே ஆள் எனக்குத் தெரிந்து நீதான். மூன்றாவது அத்தான் எழுதியது. கடைகளில் யாரும் "துளையற்ற" என்று எழுத மாட்டார்கள் என்பதை முதல் பக்கத்துக்காகக் கூடுதலாகச் சொல்லி வைக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறீர்கள். புத்தகத்தின் மற்ற பக்கங்களில் உண்மையான வாடிக்கையாளர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள்? "ருசி நன்று", "சில்லறை சீக்கிரம் தரவும்" என்றுதான் இருக்கும். பண்டத்தைக் கண்ணால் பார்த்துக் கேட்கிறவர்கள் அதன் பெயரை எழுத மாட்டார்கள்.

எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இனி நீ அனுப்பும் எதையும் நான் சான்றாக எடுக்க முடியாது.

இன்னொரு செய்தி. உங்கள் கமிட்டி எங்கள் அலுவலகத்துக்கே நேராக எழுதிவிட்டது. டோனட் என்பதற்குத் துளை அவசியமா என்று கருத்துரை கேட்டிருக்கிறார்கள். கோப்பு என் மேசைக்கு வந்திருக்கிறது. கேள்வி ஒரு பக்கம், இணைப்புகள் நாற்பது பக்கம். இணைப்புகளை நான் படிக்கப்போவதில்லை. அதில் உன் பெயரும் பன்காரர் பெயரும் இருக்கும், படித்தால் மனம் ஒரு பக்கம் சாயும். கேள்விக்கு மட்டும், கையில் உள்ள சீட்டுகளை வைத்துப் பதில் எழுதுவேன். என்ன பதில் என்று உனக்குத் தெரியும். முன்கூட்டியே சொல்வது என் கடமை என்று நினைத்தேன்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

நேற்று முன்தினம் கடையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். மாவு பிசைந்து வைத்திருந்தேன். சட்டியை மட்டும் எடுத்துக்கொள்ள விட்டார்கள். மாவு உள்ளேயே இருக்கிறது, பொங்கிக் கதவிடுக்கு வழியாக வெளியே வந்தாலும் வரும்.

நீ எதிராக எழுதுவாய் என்று சொல்லித்தான் எழுதினாய். அதற்கு நான் தயாராகவே இருந்தேன். உன்னைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். விளையாட்டில் நீயே தப்பாட்டம் ஆடினால் நீயே சொல்லிவிட்டு வெளியே போய் உட்காருவாய். என் மேல் தப்பு இருந்தால் என்னையும் உட்கார வைப்பாய். கருத்துப் புத்தகத்தில் நான் செய்தது திருட்டு வேலை. கையும் களவுமாகப் பிடிபட்டேன், வெட்கப்பட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் குமாஸ்தா உன் பதிலை என்னிடம் காட்டினார். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கட்டம் கட்டமாக ஒரு படிவம். ஆறாவது கட்டத்தில் "தொடர்புடையவர்களுடன் உறவு ஏதும் உண்டா" என்று அச்சடித்திருக்கிறது. அதற்கு எதிரே உன் கையெழுத்தில் "இல்லை" என்று இருக்கிறது.

நான் அதை இரண்டு முறை படித்தேன். குமாஸ்தா, "என்னம்மா, எழுத்து புரியலையா?" என்று கேட்டார். புரிகிறது என்றேன்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். உனக்கு அந்தப் பேனாகூட ஆடவில்லை. அழகாக, நிறுத்தி, ஐகாரத்துக்குக் கொம்பு சரியாகப் போட்டு எழுதியிருக்கிறாய். எனக்கு வயிறு எரிகிறது. கடை போனதற்கு இல்லை.

சின்னவளுக்கு இதைச் சொல்லவில்லை.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்காவிட்டாலும் விளக்குகிறேன்.

அந்தப் படிவம் எல்லாக் கருத்துரைகளுக்கும் பொதுவானது. ஆறாவது கட்டத்தில் "உண்டு" என்று எழுதினால் நான் கருத்துச் சொல்லத் தகுதியற்றவன் ஆகிவிடுவேன். கோப்பு அடுத்த மேசையில் இருக்கும் அம்மாளிடம் போகும். அவர் பிரசவ விடுப்பில் இருக்கிறார், ஜூலையில்தான் வருவார். அதுவரை கமிட்டிக்குப் பதில் போகாது. பதில் வராவிட்டால் மார்ச் கடைசியில் கடையை மூடுவது என்பது அவர்கள் ஏற்கெனவே எடுத்த முடிவு. ஆகவே நான் என்ன எழுதியிருந்தாலும் கடை மூடப்பட்டிருக்கும்.

நான் எழுதிய கருத்தில் உறவால் ஒரு சொல்லும் மாறவில்லை. அந்த அளவில் "இல்லை" என்பது தவறல்ல என்று நினைத்தேன்.

அத்தானின் உடல்நிலை பற்றி எழுதவும்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் செய்தேன். அத்தான் எடுத்தார். நீ ஓர் அலுவலகக் கேன்டீனில் பாத்திரம் கழுவப் போவதாகச் சொன்னார்.

கோப்பைப் பதிவறைக்கு அனுப்புமுன் பக்கங்களுக்கு எண் போட வேண்டும், அது விதி. எண் போட்டுக்கொண்டே போனேன். என் கண் சொற்களைப் பார்த்துப் பழகிய கண், படிக்க வேண்டாம் என்று நினைத்தாலும் படித்துவிடும். நாலாவது பக்கம் பன்காரரின் புகார். அவர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "மேற்படி அம்மையார் ஓட்டை இல்லாத டோனட்டை விற்று என் பன் வியாபாரத்தைக் கெடுக்கிறார்." அக்டோபர் 11, கையெழுத்து.

பதினேழாவது பக்கம் நிலையத்துச் சுகாதார ஆய்வாளரின் அறிக்கை. "கடையைப் பார்வையிட்டபோது வளைய டோனட் 26, ஓட்டையில்லா டோனட் 42 இருந்தன." நவம்பர் 3, கையெழுத்து.

முப்பத்தெட்டாவது பக்கம் நடைமேடைக் காவலர் எழுதிய குறிப்பு. அவர் புகாரைப் பார்த்தவரும் இல்லை. பயணி ஒருவர் உன் கடை வாசலில் விட்டுப்போன பையில் இருந்தவற்றை எழுதுகிறார்: "குடை ஒன்று, கண்ணாடிக் கூடு ஒன்று, உள்ளே ஜாம் வைத்த ஓட்டையில்லாத டோனட் இரண்டு." டிசம்பர் 19.

மூன்று பேர். மூன்று தேதி. எழுத்தில். ஒருவருக்கும் உன்னால் லாபமில்லை. முதலாமவர் உன்னை மூட வைக்க எழுதியவர். என் வேலையில் இதைவிடச் சுத்தமான சான்று கிடைத்ததில்லை. நான் கருத்துரை எழுதிய அன்றும் இவை என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தன. மனம் சாயக் கூடாது என்று படிக்காமல் விட்டேன். என் தவறு இது. அதை அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். திருத்திய கருத்துரை அனுப்பலாம் என்று முதன்மையாசிரியர் ஒப்புக்கொண்டார். எழுதி முடித்துவிட்டேன்: துளை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அதற்கும் அதே படிவம்தான். ஆறாவது கட்டத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.

"இல்லை" என்று எழுதினால் கருத்துரை செல்லும், கடை திறக்கும். "உடன்பிறந்த அக்கா" என்று எழுதினால் இதுவும் செல்லாது, முந்தியதும் செல்லாது, கோப்பு ஜூலை வரை நிற்கும். மே 20 அன்று உன் கடையை வேறொருவருக்கு ஒதுக்குகிறார்கள் என்று கமிட்டி அறிவித்திருக்கிறது. பொய் எழுதியதற்காக என் மேல் நடவடிக்கையும் வரும். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

போன கடிதத்தில் நான் சொன்ன காரணம் உண்மையில்லை. விடுப்பு, ஜூலை எல்லாம் பிறகு யோசித்தவை. உனக்குச் சாதகமாக எழுத வேண்டியிருந்தால் அக்கா என்று எழுதி ஒதுங்கியிருப்பேன். எதிராக எழுதப்போகிறேன் என்று தெரிந்திருந்தது. கூடப் பிறந்தவளின் பிழைப்பைக் கெடுத்தவன் என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். அதற்காக எழுதினேன். எழுதும்போது கை ஆடவில்லை, நீ சொன்னது சரி. இப்போது வெட்கமாக இருக்கிறது. மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

எதை எழுதட்டும் என்று நீயே சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அன்புடன்,
தம்பி


மே 7

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் நல்லது. பன்காரர் புகாரை அத்தானுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். மனுஷன் அந்த மெத்தையின் மேல் உட்கார்ந்து வலியோடு சிரித்தார், இந்த முறை நிறுத்திக்கொள்ளவில்லை. கண்டுபிடித்ததற்கு உன்னை மெச்சுகிறேன். படிக்காமல் விட்டதற்காக உன்னை நீயே அடித்துக்கொள்ளாதே. ஆனைக்கும் அடி சறுக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்போது மற்றது.

நீ என்னைக் கேட்டிருக்கக் கூடாது. அந்தக் கட்டத்தில் அக்கா என்று எழுதி, தபாலில் போட்டுவிட்டு, "உன் கடை போய்விட்டது, என்னால்தான்" என்று எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால், ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டியிருப்பேன். மறுநாள் பாத்திரம் கழுவப் போயிருப்பேன். சாயங்காலம் உனக்குப் பதில் எழுதியிருப்பேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நீ கேட்டுவிட்டாய். என்னைக் கேட்டால் நான் வீட்டைத்தான் பார்ப்பேன். அத்தானுக்கு இன்னும் நாலு மாதம் என்கிறார் டாக்டர். சின்னவளின் கல்லூரிக் கடைசி வருஷம் இது.

"இல்லை" என்றே எழுது.

எழுதிவிட்டால் பிறகு அது அப்படியே இருக்க வேண்டும். பன்காரர் சும்மா இருக்கிற ஆள் இல்லை, கடை திறந்ததும் மேலே எழுதிப் போடுவார், துருவித் துருவிக் கேட்பார்கள். நீ இங்கே வந்தால் யாராவது பார்ப்பார்கள். நம் இருவருக்கும் ஒரே மூக்கு. கடிதம் வந்தால் உறை எங்காவது கிடக்கும். உறவு வெளியே தெரிந்தால் என் கடையும் போகும், உன் வேலையும் போகும். வருஷா வருஷம் ஒதுக்கீட்டைப் புதுப்பிக்கிறார்கள், ஆகவே இது ஒரு வருஷத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. நான் புத்தகத்தில் எழுதின பொய்யை நீ திருப்பி அனுப்பிவிட்டாய், அதோடு முடிந்தது. இந்தப் பொய்யைத் திருப்பி அனுப்ப இடமில்லை. இருவருமாகச் சேர்ந்து காப்பாற்றத்தான் வேண்டும்.

எனக்கு அழுகை வருகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கோபத்தில் எழுதினேன் என்று நினைப்பாய்.

உன் பழைய கடிதங்களை நேற்று எரித்துவிட்டேன். என்னுடையவற்றை நீயும் எரித்துவிடு, சீட்டுப் பெட்டியில் இருப்பது உட்பட. அத்தான் சொன்னது, சின்னவள் சொன்னது எதுவும் இருக்கக் கூடாது. மாமா ஏன் வருவதில்லை என்று சின்னவள் கேட்டால் வேலை அதிகம் என்று சொல்வேன். அவள் நம்புவாள், இத்தனை வருஷமும் அதைத்தானே சொல்லி வந்தேன்.

பதில் எழுத வேண்டாம்.

டோனட் கடைக்காரர்,
இரண்டாம் நடைமேடை